முதலில் யார் சொல்வது?

2007-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தின் பின்பாதி. இந்தியாவில் பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ், டீக்கடை பெஞ்ச் என்று எங்கே பார்த்தாலும் ஒரே காட்சி. யாராவது ஒருவர் தன் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து, முதுகு மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையோ எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் தேடியது ஒரு பெயர். பிஎல்-5சி.

நோக்கியாவின் எத்தனையோ மாடல்களுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த பேட்டரி அது. அந்த மாதம் 14-ம் தேதி நோக்கியா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில், ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் கோளாறு இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி அதிகமாகச் சூடாகலாம். இதுவரை உலகம் முழுக்க சுமார் 100 சம்பவங்கள். யாருக்கும் பெரிய காயம் இல்லை. சந்தேகத்துக்குரிய பேட்டரிகளின் எண்ணிக்கை? 4 கோடியே 60 லட்சம்.

இதில் நோக்கியாவைக் குறை சொல்ல அதிகம் இல்லை. யார் தயாரித்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை சம்பவம் என்று எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்கள். பேட்டரி மேல் இருக்கும் 26 எழுத்து அடையாள எண்ணை இணையதளத்தில் அடித்துப் பாருங்கள், அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், உங்களுடையது அந்தப் பட்டியலில் இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி தருகிறோம் என்றார்கள்.

ஆனால் அறிவிப்பில் 'சூடாகலாம்' என்று கிளம்பிய வார்த்தை, தெருவுக்கு வந்து சேர்வதற்குள் 'வெடிக்கும்' என்று ஆகிவிட்டது. அப்போது இந்தியாவில் சுமார் 20 கோடி செல்போன் இணைப்புகள். இதில் யாரிடம் அந்தப் பேட்டரி இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

ஏன் தெரியாது? இதுதான் விஷயம்.

நம் ஊரில் ஹேண்ட்செட் ஒரு கடை, சிம் கார்டு ஒரு கடை. ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் மாதிரி போனையும் இணைப்பையும் சேர்த்தே கொடுத்தவர்களை விட்டுவிட்டால், பெரும்பாலானவர்கள் போனை ஒருத்தரிடமும் இணைப்பை இன்னொருத்தரிடமும்தான் வாங்கினார்கள். போன் தயாரித்த கம்பெனி சரக்கை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுக்கும். அவர் கடைக்காரருக்குக் கொடுப்பார். கடைக்காரரிடம் நாம் வாங்குவோம். நம் பெயர் நோக்கியாவுக்குப் போய்ச் சேரவே சேராது. சிம் விற்ற கம்பெனியிடம் நம் போட்டோ, விலாசம், அடையாளச் சான்று எல்லாம் பத்திரமாக இருக்கும். நாம் எந்த மாடல் போன் வைத்திருக்கிறோம் என்பதுகூட, ஐ.எம்.இ.ஐ. என்கிற 15 இலக்க எண் மூலமாக அவர்களுடைய கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே எந்த மாதம் தயாரான பேட்டரி இருக்கிறது? அது தெரியாது. கழற்றி மாட்டுகிற சமாசாரம் அல்லவா?

பேட்டரியைத் தெரிந்தவனுக்கு ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிந்தவனுக்கு பேட்டரியைத் தெரியாது.

நான் காமர்ஸ் படித்தவன். சரக்கு எந்த வழியாகப் போகிறது, பில் யார் பெயரில் போகிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். செல்போன் பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்ட சரித்திரத்தை அந்தக் கண்ணோடு பார்த்தால் சுவாரசியமான ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. கோளாறு எப்போதும் தொழிற்சாலையில்தான் பிறக்கிறது. அது நம் சட்டைப் பைக்கு எட்டுவதற்கு முன்னால் எச்சரிக்கை நம் காதுக்கு எட்டுமா என்பதைத் தீர்மானிப்பவர் பல சமயம் தொழிற்சாலைக்காரர் அல்ல. நமக்கு இணைப்பு கொடுத்தவர்.

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது.

1980-களின் கடைசி. கனடாவில் மோலி எனர்ஜி என்றொரு கம்பெனி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. உள்ளே இருந்தது சுத்தமான லித்தியம் உலோகம். சக்தி அபாரம். ஆபத்தும் அப்படியே. சார்ஜ் ஏற ஏற, லித்தியம் ஊசி ஊசியாக வளரும். ஊசி எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். 1989-ல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்து செல்போன் ஒன்றில் இந்த பேட்டரி தீப்பிடித்தது. பேட்டரிகள் மொத்தமாகத் திரும்பப் பெறப்பட்டன. மோலி எனர்ஜி திவால் நிலைக்குப் போய், கடைசியில் ஜப்பானிய நிறுவனங்களின் கைக்கு மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1994 வரைக்கும் ஜப்பானில் செல்போனை யாரும் சொந்தமாக வாங்க முடியாது. இணைப்பு கொடுக்கிற கம்பெனியிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். ஆகவே, எந்த போன் எந்த வீட்டில் இருக்கிறது என்பது கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. திரும்பப் பெறுவது என்றால் தன் பொருளைத் தானே கேட்டு வாங்குவதுதான்.

1991-ல் சோனி, லித்தியம் உலோகத்துக்குப் பதில் கார்பனுக்குள் லித்தியத்தைப் புகுத்தி வைக்கிற லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் எல்லோர் கையிலும் இருப்பது அதன் வாரிசுதான். ஊசிப் பிரச்னை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. பேட்டரிக்குள் இரண்டு தகடுகள், நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் திரை, சுற்றிலும் சுலபத்தில் தீப்பற்றக்கூடிய திரவம். அந்தத் திரையில் ஓர் உலோகத் துணுக்கு குத்தினால் போதும். சூடு கிளம்பும். அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். அப்புறம் நிறுத்த முடியாது.

போனை வாடகைக்கு விடுவது நின்ற பிறகும் ஜப்பானில் ஒரு வழக்கம் தொடர்ந்தது. போனை யார் தயாரித்தாலும், நெற்றியில் ஒட்டியிருப்பது இணைப்பு கம்பெனியின் பெயர்தான். 2006 டிசம்பரில், டி902ஐ என்கிற மாடலின் பேட்டரியில் கோளாறு வந்தது. பேட்டரி சான்யோ குழுமத்துத் தயாரிப்பு. போன் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் தயாரிப்பு. ஆனால் 13 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிக்கும்போது மிட்சுபிஷியோடு சேர்ந்து நின்றது என்.டி.டி. டோகோமோ. தன் பெயர் போட்டு விற்ற சரக்குக்கு, 'அது சப்ளையர் தப்புங்க' என்று கையை உதற முடியாதல்லவா?

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பெரும்பாலானவர்கள் போனை வாங்குவதே இணைப்பு கம்பெனியின் கடையில், அவர்களுடைய ஒப்பந்தத்தோடு. அதனால் 2004 ஜூனில், எல்.ஜி. என்று லேபிள் ஒட்டிய சுமார் 50 ஆயிரம் போலி பேட்டரிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது, அதில் இருந்த பெயர் வெரைஸன் ஒயர்லெஸ். நாட்டின் மிகப்பெரிய செல்போன் சேவை நிறுவனங்களில் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் கியோசெரா போன்களின் சுமார் 10 லட்சம் பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்டன.

அமெரிக்க சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் விற்ற பொருளால் ஆபத்து வரலாம் என்று தெரிந்தால், 24 மணி நேரத்துக்குள் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் மட்டுமல்ல. இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், கடையில் வைத்து விற்றவர் எல்லோருக்கும் இந்தக் கடமை உண்டு. சேவை நிறுவனமும் ஒரு கடைக்காரர்தானே? ஆக, 'எங்களுக்கென்ன தெரியும்?' என்று அது சொல்ல முடியாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எப்படியெல்லாம் குழம்பலாம் என்பதற்கு 2016 ஓர் உதாரணம்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 19-ம் தேதி சாம்சங் கேலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது. ஒல்லியான உடம்பு, உள்ளே பெரிய பேட்டரி. ஒரு வாரத்துக்குள் கருகிய போன்களின் படங்கள் வர ஆரம்பித்தன. செப்டம்பர் 2-ம் தேதி, 35 சம்பவங்கள் நடந்திருக்கின்றன, உலகம் முழுக்க 25 லட்சம் போன்களையும் மாற்றித் தருகிறோம் என்று சாம்சங் அறிவித்தது. இரண்டே வாரம். கைதட்ட வேண்டிய வேகம்தான்.

ஆனால் ஒரு காரியம் செய்யவில்லை. அமெரிக்காவில் ஆணையத்தோடு சேர்ந்து அறிவிக்காமல் தன்பாட்டுக்கு அறிவித்துவிட்டது. ஆணையத்தின் அதிகாரபூர்வமான ரீகால் வந்தால்தான் அந்தப் பொருளை விற்பது சட்டவிரோதம். அது வந்தது செப்டம்பர் 15-ம் தேதி. நடுவில் 13 நாள், போன் திரும்பப் பெறப்பட்டும் பெறப்படாமலும் திரிசங்கு சொர்க்கத்தில் இருந்தது. ஆணையத்தின் தலைவர் எலியட் கே கடுப்பாகிவிட்டார். தனியாகவே ரீகால் நடத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு போனை மட்டும் பரிசோதித்தால் போதாது என்கிற அர்த்தத்தில் கிண்டலடித்தார். அந்தத் தேதிக்குள் அமெரிக்காவில் மட்டும் 92 சம்பவங்கள், 26 பேருக்குத் தீக்காயம்.

மாற்று போன்கள் வந்தன. இவை பத்திரமானவை, திரையில் பேட்டரிச் சின்னம் பச்சையாகத் தெரியும் என்றார்கள். அக்டோபர் 5-ம் தேதி, அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த சவுத்வெஸ்ட் விமானத்தில் ஒரு பயணியின் போனிலிருந்து புகை வந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அந்தப் பயணி வைத்திருந்தது மாற்றிக் கொடுக்கப்பட்ட போன்.

இப்போது சேவை நிறுவனங்கள் செய்ததைப் பாருங்கள். அக்டோபர் 9-ம் தேதி, ஏ.டி. அண்ட் டி.யும் டி-மொபைலும் 'நோட் 7-ஐ இனி மாற்று போனாகக்கூடத் தர மாட்டோம்' என்று நிறுத்திவிட்டன. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. விற்பனையை எல்லோரும் நிறுத்துங்கள் என்று சாம்சங் சொன்னது அதற்கு மறுநாள்தான். 11-ம் தேதி தயாரிப்பையே கைவிட்டது. 13-ம் தேதி அமெரிக்க ரீகால் 19 லட்சம் போன்களாக விரிந்தது.

தயாரிப்பாளர் வாய் திறப்பதற்கு முன்னால் கடைக்காரர் வாய் திறந்துவிட்டார். நல்ல மனசு காரணமாக இருக்கலாம். வியாபாரக் கணக்கும் இருக்கிறது. கருகிய போனைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வந்து நிற்பது கொரியாவில் அல்ல, இவர்களுடைய கவுன்ட்டரில். வழக்கு வந்தாலும் முதல் நோட்டீஸில் இவர்கள் பெயரும் இருக்கும்.

அப்படியானால் சேவை நிறுவனங்கள் எப்போதும் நம் பக்கமா? அவசரப்படாதீர்கள்.

டிசம்பரில் அடுத்த காட்சி. அமெரிக்காவில் 93 சதவிகிதம் போன்கள் திரும்பி வந்துவிட்டன. மீதி 7 சதவிகிதம் பேர் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். 19 லட்சத்தில் 7 சதவிகிதம் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம். சாம்சங் ஒரு முடிவெடுத்தது. டிசம்பர் 19 முதல் ஒரு மென்பொருள் அப்டேட் அனுப்புவோம். அது போனுக்குள் போனால் அதற்கப்புறம் சார்ஜ் ஏறாது. போன் செத்த பாம்பு.

ஆனால் அந்த அப்டேட் சேவை நிறுவனங்களின் வழியாகத்தான் போக வேண்டும். டிசம்பர் 9-ம் தேதி சாம்சங் அறிவித்த அன்றே வெரைஸன், 'நாங்கள் அனுப்ப மாட்டோம்' என்று சொல்லிவிட்டது. காரணமும் சொன்னது. பண்டிகைக் காலம், ஜனங்கள் ஊர் ஊராகப் போகிற நேரம். கையில் வேறு போன் இல்லாத ஒருத்தர் அவசரத்துக்குக் குடும்பத்தையோ ஆம்புலன்ஸையோ கூப்பிட முடியாமல் போனால் என்ன செய்வது?

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பண்டிகைக் காலம் முழுக்க, தீப்பிடிக்கலாம் என்று அரசாங்கமே சொன்ன ஒரு போன் யாரோ ஒருவரின் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. வெரைஸன் கடைசியில் 2017 ஜனவரி 5-ம் தேதி அந்த அப்டேட்டை அனுப்பியது. அதற்கும் மசியாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் யாருக்கு போன் செய்தாலும் அழைப்பு கஸ்டமர் கேருக்கே போகும்படி திருப்பிவிடப்போவதாகச் சொன்னது. அவசர எண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு.

இதே நேரத்தில் நியூசிலாந்தில் என்ன நடந்தது? அங்கிருந்த செல்போன் நிறுவனங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. 2016 நவம்பர் 18 முதல் எந்த நெட்வொர்க்கிலும் நோட் 7 வேலை செய்யாது என்று தேதியை முன்கூட்டியே அறிவித்தன. போன் வைத்திருந்தவர்களுக்குத் தகவல் போனது. சொன்ன தேதியில் கதவு மூடியது. ஆஸ்திரேலியாவிலும் டிசம்பர் 15-ம் தேதி அதே கதை. போனும் அதே போன்தான், கோளாறும் அதே கோளாறுதான்.

அந்தக் கோளாறு என்ன? 2017 ஜனவரி 23-ம் தேதி, சாம்சங் மொபைல் பிரிவின் தலைவர் கோ டாங்-ஜின் சியோலில் பத்திரிகையாளர்கள் முன்னால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு விளக்கினார். 700 இன்ஜினீயர்கள், 2 லட்சம் போன்கள், 30 ஆயிரம் பேட்டரிகளைச் சோதித்திருந்தார்கள். முதலில் வந்த பேட்டரியில் ஓரத் தகடு வளைந்திருந்தது. மாற்றாக வந்த வேறு கம்பெனி பேட்டரியில் வெல்டிங் பிசிறு இருந்தது. இரண்டு கம்பெனி, இரண்டு தனித்தனித் தப்பு, ஒரே தீ. விற்ற 30 லட்சத்துச் சொச்சம் போன்களில் 96 சதவிகிதம் திரும்பி வந்திருந்தது. நஷ்டம் 500 கோடி டாலருக்கு மேல்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நோட் 7 இந்தியாவில் அறிமுக விழாவோடு நின்றுவிட்டது, விற்பனைக்கு வரவே இல்லை. வாஸ்தவம். ஆனால் 2016 செப்டம்பர் 23-ம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பெட்டி வைக்கிற இடத்திலிருந்து புகை வந்தது. ஊழியர்கள் தீயணைப்பானை அடித்து, புகைந்த போனை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. அது நோட் 7 அல்ல. 2012-ல் வந்த நோட் 2. நோட் 7-ஐ விமானத்தில் பயன்படுத்தக் கூடாது என்று இரண்டு வாரம் முன்புதான் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டிருந்தது. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லாத போன் வேறு வழியாக வந்துவிட்டது.

2007-ல் நம் நாட்டில் நுகர்வோர் நீதிமன்றங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். ஆனால் நாடு முழுவதும் 'திரும்ப வாங்கு' என்று உத்தரவு போடுவதற்கென்று தனி ஆணையம் கிடையாது. 2019-ல் வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

சட்டத்தோடு தொழில்நுட்பமும் மாறிவிட்டது. இன்றைய போன்களில் பேட்டரியைக் கழற்ற முடியாது. உள்ளேயே ஒட்டிவிட்டார்கள். போனின் அடையாள எண்ணை வைத்து எந்தப் பேட்டரி என்று கண்டுபிடிக்கலாம். அப்டேட் அனுப்பி போனை வீட்டுக்குள்ளேயே மாற்றியமைக்கலாம். 2007-ல் இல்லாத இணைப்பு இப்போது இருக்கிறது. ஆளையும் தெரியும், பேட்டரியையும் தெரியும்.

ஆனால் கை எட்டுகிறது என்பதற்காக வாய் திறந்துவிடுமா? 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்ஸல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. அதற்கப்புறம் சில போன்களில் சார்ஜ் நிற்கும் நேரம் மளமளவென்று குறைந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரியோ பணமோ தருகிறோம் என்றார்கள். திட்டத்தின் பெயர் 'பேட்டரி செயல்திறன்'. காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள்! ஆஸ்திரேலிய அரசின் ரீகால் பக்கத்தில்தான் அந்த இன்னொரு வார்த்தை இருந்தது. பேட்டரி அதிகமாகச் சூடாகித் தீக்காயமோ தீ விபத்தோ ஏற்படலாம்.

எட்டுவது வேறு, சொல்வது வேறு. 2007-ல் நோக்கியா சொன்னது, எட்ட முடியவில்லை. இன்றைக்கு எட்ட முடிகிறது. சொல்வதற்குத்தான் அகராதியைப் புரட்டுகிறார்கள்.

நம் செல்போன் கம்பெனிகள் சிம் மட்டும்தானே விற்கின்றன, போனுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பு என்று கேட்கலாம். பொறுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நம் ரீசார்ஜ் முடிய மூன்று நாள் இருக்கும்போதே எஸ்.எம்.எஸ். வந்துவிடுகிறது. மறுநாள் இன்னொன்று. கடைசி நாள் காலையில் போனே செய்து குரல் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். யார் கையில் எந்த மாடல் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு அக்கறையாக நம்மைத் தேடி வருகிறவர்கள், 'உங்கள் போனில் இருக்கிற பேட்டரியை இன்று ராத்திரி சார்ஜ் போடாதீர்கள்' என்று ஒரே ஒரு வரி அனுப்புவது அவ்வளவு கஷ்டமா என்ன?